வெளியே போன முகவரி

வக்கீலம்மாவின் அலுவலகத்தில் அவளுக்கு டைப்பக்கா என்று பெயர். பத்தொன்பது வருடமாக அந்தப் பெயர்தான். வக்கீலம்மா குடும்ப வழக்குகள் மட்டும் எடுப்பவர். விவாகரத்து, பிள்ளை யாரிடம் இருப்பது, அடி உதையிலிருந்து பாதுகாப்பு இப்படி. கட்சிக்காரர்கள் அழுதபடியும் ஆத்திரப்பட்டபடியும் சொல்வதை வக்கீலம்மா கிறுக்கலாகக் குறித்துக்கொள்வார். அதை மனுவாகவும் பிரமாணப் பத்திரமாகவும் அடித்துக் கொடுப்பது டைப்பக்காவின் வேலை. ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வெளியே வந்ததில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

மூன்று வருடத்துக்கு முன்பு கணவர் படுத்த படுக்கையானபோது, வீட்டிலிருந்தே வேலை பார்க்க வக்கீலம்மா அனுமதித்தார். அதற்காக ஒரு லேப்டாப் வாங்கினாள். கணவர் ஒரு வருடத்தில் போய்விட்டார். லேப்டாப்பும் வீட்டு வேலையும் அப்படியே தொடர்ந்தன.

அன்று செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். பழைய எழுத்துருவில் இருந்த ஒரு மனுவைப் புதிய எழுத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. வழக்கமாக மாற்றித் தரும் இணையப் பக்கம் திறக்கவில்லை. வேறொன்றைத் தேடித் தொட்டாள். திரை முழுக்கச் சிவந்து போனது. ஆம்புலன்ஸ் போல ஓர் அலறல் கிளம்பியது. 'உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டுள்ளது, அணைத்தால் எல்லாக் கோப்புகளும் அழிந்துவிடும், உடனே இந்த எண்ணுக்குப் பேசவும்' என்று கட்டம் கட்டிய எழுத்து. எந்தப் பொத்தானை அழுத்தியும் அது போகவில்லை.

கோப்புகள் அழிந்துவிடும் என்ற சொல்தான் அவளை அடித்தது. அந்த எண்ணைக் கூப்பிட்டாள்.

"பதறாதீங்கம்மா. நான் இருக்கேன்ல" என்றது ஓர் ஆண் குரல். முப்பது வயதுக்குள் இருக்கும். நல்ல தமிழ், நிதானமான பேச்சு. அவன் சொன்ன முகவரியை அடித்தாள். ஒரு சின்ன மென்பொருள் இறங்கியது. அதில் வந்த ஒன்பது இலக்க எண்ணை வாசித்தாள். அடுத்த நிமிடம் திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்ந்தது. அவள் கை மடியில் இருந்தது.

அவன் எங்கேயோ போய்ச் சிவப்புக் குறிகள் நிறைந்த ஒரு பட்டியலைத் திறந்து காட்டினான். "இது அத்தனையும் வைரஸ்மா. எத்தனை நாளா இருக்கோ தெரியல." பிறகு, சுத்தம் செய்கிறேன் என்று திரையைக் கறுப்பாக்கினான். நடுநடுவே, சாப்பிட்டீங்களா, பிள்ளைங்க என்ன பண்றாங்க, வீட்டுல தனியாவா இருக்கீங்க என்று விசாரித்தான். கணவர் போன பிறகு அவளிடம் ஒரே மூச்சில் இவ்வளவு நேரம் யாரும் பேசியதில்லை. தன்னைத் தெரிந்த யாரோ உதவி செய்கிற மாதிரிதான் அவளுக்கு இருந்தது. ஃபோனுக்கு ஓடிபி வந்தது. சரிபார்க்கத்தான் என்றான். படித்துக் காட்டினாள்.

இரண்டாவது ஓடிபி வந்தபோது அவன் எதையோ அடித்துக்கொண்டிருந்தான். அந்த இடைவெளியில், அவன் உட்கார்ந்திருந்த கூடத்திலிருந்து இன்னொரு குரல் கேட்டது. வேறு யாரோ, வேறு யாரிடமோ சொல்கிறான்: "பதறாதீங்கம்மா. நான் இருக்கேன்ல." அதே ஏற்றம், அதே இறக்கம். மனப்பாடம் செய்த பாடம்.

அவள் ஃபோனைத் துண்டித்தாள். லேப்டாப்பை அறைந்து மூடினாள். வயரைப் பிடுங்கினாள். அதற்குள் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்துவிட்டது.

போன பணம் இரண்டு மாதச் சம்பளம். அதை நினைத்து அவள் அழவில்லை. தானாக நகர்ந்த அந்த அம்புதான் கண்ணுக்குள்ளேயே நின்றது. யாரோ வீட்டுக்குள் வந்து, அவள் எதிரிலேயே ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து பார்த்துவிட்டுப் போன மாதிரி. கதவைத் திறந்துவிட்டதும் அவளேதான்.

யாரிடமும் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் சொன்னால், "உனக்கு எதுக்கும்மா இந்த வேலையெல்லாம்" என்று ஆரம்பிப்பான். வக்கீலம்மாவிடம் சொல்ல நாக்கு எழவில்லை. புதன்கிழமை ஒரு மனுவை அனுப்பியே ஆக வேண்டியிருந்ததால் லேப்டாப்பைத் திறந்தாள். எல்லாம் பழையபடி இருந்தது. மனுவை மெயிலில் அனுப்பிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்து மூடி, பழைய போர்வையில் சுற்றி, துணி அலமாரியின் அடித்தட்டில் வைத்தாள். மறுநாள் வக்கீலம்மாவிடம் காய்ச்சல் என்று சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஃபோன் அடித்தது.

"அம்மா, நான்தான். அன்னைக்கு வேலை பாதியில நின்னுபோச்சு. முடிச்சுடலாமா?"

அதே கனிவு. அவள் ஃபோனை வைத்துவிட்டாள். அவன் இன்னும் முடிக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. தனியாக இதைத் தாண்ட முடியாது. அவளுக்குத் தெரிந்தவர்களில் கம்ப்யூட்டர் விஷயம் அறிந்தவள் ஒருத்திதான். கணவரின் தங்கை. ஓர் அச்சகத்தில் அத்தனை கம்ப்யூட்டர்களையும் பராமரிக்கிறவள். ஆனால் அவளோடு பேச்சு நின்று இரண்டு வருடமாகிறது.

கணவர் கடைசியாகக் கிடந்தபோது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நாத்தனார் ஒற்றைக்காலில் நின்றாள். டைப்பக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வீட்டிலேயே இறந்தார். காரியம் முடிந்த அன்று, வந்தவர்கள் எல்லோர் முன்னாலும் நாத்தனார், "நீங்கதான் எங்கண்ணனை விட்டுட்டீங்க" என்றாள். அதோடு சரி.

நாத்தனாரின் எண்ணை அழுத்துவதற்கு முன் டைப்பக்கா இரண்டு முறை எழுந்து தண்ணீர் குடித்தாள்.

"அண்ணி?" என்றது மறுமுனை. குரலில் ஆச்சரியத்தை விடப் பயம்தான் இருந்தது. "என்ன ஆச்சு?"

சொன்னாள். முன்னும் பின்னுமாக, குழறிக் குழறிச் சொன்னாள். நாத்தனார் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் மூன்று விஷயம் மட்டும் சொன்னாள்.

"லேப்டாப்பைத் தொடாதீங்க. வைஃபை பெட்டியை அணைங்க. வங்கிக்கு ஃபோன் பண்ணி கார்டையும் கணக்கையும் நிறுத்தச் சொல்லுங்க. கார்டுக்குப் பின்னாடி இருக்கிற நம்பருக்குத்தான் பண்ணணும், நெட்ல தேடி எடுக்காதீங்க. நாளைக்குக் காலைல வர்றேன்."

சனிக்கிழமை எட்டரைக்கு வந்து நின்றாள். தோளில் கனத்த பை. இரண்டு வருடத்தில் முன்தலை நரைத்திருந்தது. வாசலில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வா" என்றாள் டைப்பக்கா. நாத்தனார் உள்ளே வந்து, அண்ணன் படுத்திருந்த அறையைப் பார்க்காமல் நேராகச் சாப்பாட்டு மேஜைக்குப் போனாள். பையிலிருந்து தன் லேப்டாப், ஒரு பென் டிரைவ், கோப்புகளைச் சேமிக்க வெளியில் மாட்டுகிற வட்டு, ஒரு நோட்டு எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வைத்தாள்.

"எங்க அது?"

டைப்பக்கா அலமாரியிலிருந்து போர்வை மூட்டையைக் கொண்டுவந்தாள்.

"போர்வைல சுத்தி வெச்சா வைரஸ் தூங்கிடும்னு நெனச்சீங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாத்தனாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் அந்த ஒரு வார்த்தையில் அறையின் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

"முதல்ல நடந்ததைச் சொல்லுங்க. நேத்து சொன்ன மாதிரி இல்ல. ஒண்ணொண்ணா, மணியோட."

வக்கீலம்மா முன்னால் கட்சிக்காரர்கள் உட்கார்வது போல டைப்பக்கா உட்கார்ந்தாள். நாத்தனார் கேள்வி கேட்டாள், எழுதிக்கொண்டாள். எத்தனை மணிக்குக் கூப்பிட்டீங்க? என்ன இறக்கச் சொன்னான்? எத்தனை ஓடிபி படிச்சீங்க? ஆதார் கார்டு ஏதாவது காட்டச் சொன்னானா? வீட்டுல யார் இருக்காங்கன்னு கேட்டானா? "தனியா இருக்கேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"சரி." அதையும் எழுதினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்று டைப்பக்காவுக்குத் தோன்றியது.

வைஃபை அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு நாத்தனார் லேப்டாப்பைத் திறந்தாள். கொஞ்ச நேரம் தேடினாள்.

"இதோ, நீங்க இறக்கினது. இது இல்லாம இன்னொண்ணும் வெச்சிட்டுப் போயிருக்கான், வேற பேருல. லேப்டாப்பைத் திறந்து நெட் கிடைச்ச உடனே அவனுக்குக் கதவு திறக்கிற மாதிரி." விரலை நிறுத்தினாள். "அண்ணி, புதன்கிழமை திறந்தீங்களா?"

"ஒரு மனு அனுப்ப. பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷம் இல்ல. நாப்பத்திரண்டு நிமிஷம் அவன் உள்ள இருந்திருக்கான். எப்ப வந்தான், எப்ப போனான், எதை எடுத்தான்னு இந்த மென்பொருளே குறிச்சு வெச்சிருக்கு. அழிக்க மறந்திருக்கான்."

திரையை அவள் பக்கம் திருப்பினாள். கோப்புகளின் பெயர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் தேதியும் நேரமும். டைப்பக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். அத்தனையும் அவள் வைத்த பெயர்கள். வழக்கு எண், கட்சிக்காரர் பெயரின் முதலெழுத்து, மனு, பதில் மனு, பிரமாணப் பத்திரம். 'வக்கீலம்மா' என்று பெயரிட்டிருந்த ஃபோல்டர் முழுவதும் போயிருந்தது. நூற்றுப் பதினோரு கோப்புகள்.

அவள் அடுப்பங்கரையில் நின்றிருந்த நேரம் அது.

நாத்தனார் அந்தப் பட்டியலைத் தன் ஃபோனில் படம் பிடித்தாள். ஒரு பிரதியை வெளி வட்டிலும் போட்டாள். "புகார் குடுக்கும்போது வேணும்." பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணி, இவனுங்க வங்கி விவரம் தேடுறவனுங்க. கைக்குக் கிடைச்சதை மொத்தமா அள்ளுவானுங்க. மனுவைப் படிச்சுட்டு உக்காந்திருக்க மாட்டானுங்க."

"படிக்க மாட்டான்னு எழுதிக் குடுப்பியா?"

நாத்தனார் யோசித்தாள். "மாட்டேன்."

"அவனுக்குத் தமிழ் நல்லாத் தெரியும்."

நாத்தனார் வேலையைத் தொடர்ந்தாள். கோப்புகளையும் படங்களையும் மட்டும் வட்டுக்கு மாற்றினாள். மென்பொருள் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. "அவன் கை பட்டது எதையும் நம்ப முடியாது. அவன் வெச்ச ரெண்டை எடுத்துட்டோம்னு வைங்க, மூணாவது இருக்கான்னு எப்படித் தெரியும்? முழுசாத் துடைச்சு, முதல்லேர்ந்து போடணும்." ஒவ்வொரு படிக்கும் முன் அவள் இப்படிக் காரணம் சொன்னாள். தட்டுத் தடுமாறும் நோயாளியின் வீட்டாரிடம் நல்ல டாக்டர்கள் சொல்வதுபோல.

மெயிலை முதலில் பார்க்க வேண்டும் என்று தன் லேப்டாப்பைத் திறந்து, தன் ஃபோனின் இணைப்பில் போட்டாள்.

"மெயில் பாஸ்வேர்டு?"

"குடு, நானே அடிக்கிறேன்."

"மாத்தத்தானே போறோம், சும்மா சொல்லுங்க."

டைப்பக்கா மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "தும்பி. அப்புறம் அவர் பொறந்த வருஷம்."

நாத்தனாரின் விரல்கள் அப்படியே நின்றன. ஓரிடத்தில் நிற்கமாட்டான் என்று, ஐந்து வயதில் அண்ணனுக்கு அவள் வைத்த பெயர் அது. அவளைத் தவிர யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"உங்களுக்குத்தான் அந்தப் பேரே பிடிக்காதே."

"பிடிக்காதுதான். கடைசி மாசம் ஒருநாள் தூக்கத்துல, 'தும்பின்னு கூப்பிடுறா பாரு, கதவைத் திற'ன்னார். நான் போய்த் திறந்தேன். யாரும் இல்ல. திறந்துட்டேன்னு சொன்னதும் நிம்மதியாத் தூங்கினார்."

நாத்தனார் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். வெளியே யாரோ ஸ்கூட்டரைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். உதைத்தார்கள், நின்றது, மறுபடி உதைத்தார்கள்.

"ரெண்டு வருஷமா இதைச் சொல்லல நீங்க."

"நீ கேட்கிற நிலைமையில இல்ல. நானும் சொல்ற நிலைமையில இல்ல."

வண்டி கிளம்பிப் போன பிறகு நாத்தனார் வந்து உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தப் பெயரை அடித்தாள். மெயில் திறந்தது. செட்டிங்ஸுக்குள் போனவள் உதட்டைக் கடித்தாள். அங்கேயும் ஒன்று இருந்தது. டைப்பக்காவுக்கு வருகிற ஒவ்வொரு மெயிலும் ஒரு பிரதியாக யாருக்கோ போகும்படி ஒரு விதி. செவ்வாய்க்கிழமை, திரை கறுப்பாக இருந்த நேரத்தில் போட்டது. அதை எடுத்தாள். வேறெங்கெல்லாம் கணக்கு திறந்திருக்கிறதோ அங்கிருந்தெல்லாம் வெளியேற்றினாள். புதிய பாஸ்வேர்டு போட்டாள். இனி புதிதாக எங்கே திறந்தாலும் டைப்பக்காவின் ஃபோனில் கேட்டுவிட்டுத்தான் திறக்கும்படி செய்தாள். பிறகு வங்கி, பிறகு மின்கட்டணக் கணக்கு, பிறகு வைஃபை பெட்டி. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு.

"இத்தனையும் எப்படி ஞாபகம் வெச்சுக்கிறது?"

"நோட்டுல எழுதுங்க."

"எழுதக் கூடாதுன்னு சொல்வாங்களே."

"ஆபீஸ்ல எழுதி மேஜைல ஒட்டக் கூடாது. உங்க வீட்டு அலமாரிக்குள்ள அவன் கை வராது அண்ணி. எழுதுங்க. யாரு ஃபோன்ல கேட்டாலும் படிச்சுக் காட்டாதீங்க, அவ்வளவுதான்."

மதியத்துக்கு மேல் பென் டிரைவைச் செருகி லேப்டாப்பைத் துடைக்க ஆரம்பித்தாள். ஒரு கேள்வி வந்தது: எல்லாவற்றையும் அழிக்கவா? நாத்தனார் டைப்பக்காவைப் பார்த்தாள். "அமுக்குங்க." டைப்பக்கா அழுத்தினாள். திரை கறுத்து, சதவீதம் ஓடத் தொடங்கியது. இருவரும் சாப்பிட்டார்கள். முப்பத்தெட்டில் அது நெடுநேரம் நின்றது.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா இருந்திருப்பார்னு எனக்கு இப்பவும் தோணுது" என்றாள் நாத்தனார், தட்டைப் பார்த்தபடி.

"தோணட்டும். சில நாள் எனக்கும் தோணுது."

"பின்ன ஏன் அண்ணி?"

"அவர் வேணாம்னார். 'நான்தான் வேணாம்னேன்னு தெரிஞ்சா அவ தாங்க மாட்டா, என் பேரைச் சொல்லாதே, உன் பேருலயே இருக்கட்டும்'னார்."

நாத்தனார் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். டைப்பக்காவின் தட்டையும் சேர்த்து.

மூன்று மணிக்கு லேப்டாப் வெறுமையாக, புதிதாக நின்றது. புதுப்பிப்புகளை ஏற்றி, வட்டில் இருந்த கோப்புகளைத் தன் லேப்டாப்பில் ஒருமுறை சோதித்துவிட்டு, நாத்தனார் திருப்பி வைத்தாள். "அவ்வளவுதான். இனிமே இது சுத்தம். சிவப்பா எது வந்தாலும் எந்த நம்பருக்கும் பேசாதீங்க. பவர் பொத்தானைப் பத்து நொடி அமுக்குங்க, செத்துப் போகட்டும். அப்புறம் எனக்கு ஃபோன் பண்ணுங்க."

டைப்பக்கா தலையாட்டினாள். ஆனால் அவள் பார்வை படம் பிடித்த பட்டியலில் இருந்தது. எழுபத்தி மூன்றாவது வரியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

"இந்தப் பொண்ணு. புருஷன் அடிச்சு ரெண்டு தரம் ஆஸ்பத்திரில கிடந்தவ. இப்ப இவ எங்க இருக்கான்னு இவ அம்மாவுக்குக்கூடத் தெரியாது. நான் அடிச்ச பிரமாணப் பத்திரத்துல அவளோட புது விலாசம் இருக்கு. கதவு எண்ணோட."

"அந்தத் திருட்டுப் பயலுக்கு அவ புருஷனை எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான். ஆனா விலாசம் வெளிய போயிருச்சே."

நாத்தனார் அந்த வரியைத் திரும்பப் படித்தாள்.

நாலு மணிக்கு டைப்பக்கா வக்கீலம்மாவுக்கு ஃபோன் செய்தாள். பத்தொன்பது வருட வேலை அந்த ஒரு பேச்சில் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. காய்ச்சல் இல்லை என்பதிலிருந்து தொடங்கினாள். எதையும் மறைக்கவில்லை. புதன்கிழமை மறுபடி திறந்ததையும் சொன்னாள்.

வக்கீலம்மா சத்தம் போடவில்லை.

"நாலு நாளு" என்றார். "ஏமாந்ததை விடு, யாரும் ஏமாறலாம். நாலு நாளு என்கிட்டச் சொல்லாம இருந்திருக்கே. நூத்திப் பதினோரு கோப்பு, எத்தனை பேரோட வாழ்க்கை இது."

"தப்புதான்மா."

"லிஸ்டை அனுப்பு. மத்தவங்களுக்கு நான் பேசறேன். எழுபத்தி மூணுக்கு இன்னைக்கே தகவல் போகணும், ஃபோன்ல வேணாம். நான் போறேன்."

"நான் அடிச்சதும்மா அது. நானே போய்ச் சொல்றேன்."

"போ. ஆனா சமாதானம் சொல்லிட்டு நிக்காதே. நடந்ததைச் சொல்லு."

அந்தப் பெண் ஒரு சீருடை தைக்கும் தொழிற்கூடத்தில் காலர் தைக்கிறவள். ஐந்தரைக்கு வேலை முடியும். நாத்தனார் தன் வண்டியில் கூட்டிக்கொண்டு போனாள். தொழிற்கூடத்தின் படிக்கட்டுக்குக் கீழே நின்றார்கள். உள்ளே இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பெண்கள் துணித்தூசி படிந்த தலையோடு கும்பல் கும்பலாக இறங்கி வந்தார்கள். கடைசியில் வந்தவள் டைப்பக்காவைப் பார்த்ததும் நின்றாள். அவள் கண் முதலில் தெருவின் இரண்டு பக்கமும் ஓடியது.

"அவன் வந்துட்டானா?"

"இல்ல. அவன் இல்ல. வேற விஷயம்."

சுவரோரமாக ஒதுங்கி நின்று டைப்பக்கா சொன்னாள். வக்கீலம்மா சொன்னபடி நடந்ததை மட்டும் சொன்னாள். யாரோ திருடன், பணத்துக்காக வந்தவன், உன் புருஷனுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை, அநேகமாகப் படித்திருக்கவே மாட்டான். ஆனால் உன் விலாசம் இருக்கிற தாள் அவனிடம் இருக்கிறது.

அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றி விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்ல."

"தெரிஞ்சிருக்காது."

"நிம்மதியா இருந்திருப்பேன். ரெண்டு மாசமாத்தான் ராத்திரி லைட்டை அணைச்சுட்டுத் தூங்குறேன்."

டைப்பக்கா சொல்ல ஆசைப்பட்ட எல்லாமே சமாதானமாக இருந்தது.

"இது மூணாவது வீடு" என்றாள் அந்தப் பெண். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "இதைக் காலி பண்ணுவேனா வேணாமான்னு இனிமே நான்தான் முடிவு பண்ணணும். சரி. நீங்க போங்க. உங்களுக்கு நன்றின்னு என்னால இப்பச் சொல்ல முடியாது."

"வேணாம்."

அவள் தெருமுனையில் காத்திருந்த இரண்டு தோழிகளிடம் போய் ஏதோ பேசினாள். மூவரும் அவளுடைய வீடு இருக்கும் திசைக்கு எதிர்த்திசையில் நடந்தார்கள்.

திரும்பும் வழியில் வண்டியின் பின்னால் உட்கார்ந்து டைப்பக்கா அழுதாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து அதுதான் முதல் முறை. நாத்தனார் திரும்பிப் பார்க்கவில்லை. வேகத்தை மட்டும் குறைத்தாள்.

திங்கள்கிழமை போலீசில் போய்ப் புகார் கொடுத்தார்கள். அங்கே எழுதிக்கொண்டார்கள், பட்டியலை வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு தகவலும் வரவில்லை. வங்கி ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது. அந்தக் குரல் இன்னொரு முறை கூப்பிட்டது. "பதற" என்று தொடங்குவதற்குள் டைப்பக்கா துண்டித்துவிட்டு, எண்ணைத் தடுத்து, நாத்தனாருக்குச் சொன்னாள். நாத்தனார் இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை வருகிறாள். லேப்டாப்பைப் பார்க்க வருவதாகத்தான் சொல்வாள். ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டு, சாயங்காலம்வரை இருப்பாள். சில நாள் பேசுவார்கள். சில நாள் பேச மாட்டார்கள்.

வக்கீலம்மா அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் வீட்டிலிருந்து அடிப்பது நின்றது. அலுவலகத்தின் பின்னறையில், இணையமே இல்லாத ஒரு கம்ப்யூட்டரில்தான் இனி எல்லாம். தினமும் இரண்டு பேருந்து மாறிப் போய்வருகிறாள். ஒளிந்து வாழ்கிற கட்சிக்காரர்களின் விலாசத்தை இனி எந்தத் தாளிலும் அடிப்பதில்லை என்றும் வக்கீலம்மா முடிவு செய்தார். நீதிமன்றத்தில் அனுமதி வாங்கி, 'வழக்கறிஞர் மூலம்' என்று மட்டும் போட்டார். முதல் சில மாதம் அவர் டைப்பக்காவிடம் வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. டைப்பக்கா அதை எதிர்பார்த்தே இருந்தாள்.

எழுபத்தி மூன்றாம் எண்காரி அந்த வீட்டைக் காலி செய்துவிட்டாள் என்று மட்டும் கேள்விப்பட்டாள். எங்கே என்று கேட்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு பிற்பகல் பின்னறைக் கதவு திறந்தது. அந்தப் பெண் நின்றிருந்தாள். வழக்கில் கூடுதல் வாக்குமூலம் ஒன்று தாக்கல் செய்ய வேண்டும், உட்கார்ந்து சொல்லு, அவங்க அடிச்சுக்கட்டும் என்று வக்கீலம்மா அனுப்பியிருந்தார்.

"யாரு அடிக்கப் போறா?" என்றாள் அந்தப் பெண், வாசலில் நின்றபடி.

"நான்தான்" என்றாள் டைப்பக்கா. "வேணாம்னா, வக்கீலம்மாகிட்டச் சொல்லி வேற ஆளை—"

அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அதன் பின்னால் சுவரைப் பார்த்தாள். மின்சார வயரைத் தவிர வேறு எந்த வயரும் அதிலிருந்து போகவில்லை. பிறகு நாற்காலியை இழுத்து, டைப்பக்காவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"முதல்லேர்ந்து சொல்லணுமா?"

"போன தடவை விட்ட இடத்துலேர்ந்து சொன்னாப் போதும். மெதுவாச் சொல்லுங்க."

டைப்பக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அந்தப் பெண் சொல்லத் தொடங்கினாள்.